பயணம் சொன்னவன்

மூன்றாவது குடத்தை அப்பாவின் தலையில் கவிழ்க்கும்போதுதான் அந்தக் கிழவர் கேட்டார்.

"தம்பி, அமெரிக்காவுல இருந்து எப்ப வந்தீங்க? நேத்தா?"

ஜெகதீசனின் கை அப்படியே நின்றது. கேட்டவர் மூக்கன். எழுபத்து நாலில் அப்பா அய்யாவுவோடு ஒரே கப்பலில் சிலோனிலிருந்து வந்தவர். கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் இருவரும் இருபத்தைந்து வருஷம் ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். விடிகாலையில் அப்பாவின் சாவுச் செய்தி போனதும் ஒரு ஜீப் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு கட்டபெட்டு வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்.

"அமெரிக்காவா? யாருங்க?"

"என்ன தம்பி, நீங்கதான். அய்யாவுக்கு ஒத்த மகன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்து சொல்லுவாரே, எம் மகன் அங்க பெரிய ஆபீசரு, லீவே குடுக்க மாட்டேங்கிறானுகன்னு. எப்படியோ மூஞ்சி பாக்க வந்து சேந்துட்டீங்க. குடுத்து வெச்ச மனுசன்."

ஜெகதீசன் குடத்தைக் கீழே வைக்கவில்லை, போட்டான். ஈரத் துண்டோடு நேராகச் சமையலறைக்குப் போனான். மனைவி சுமலதா வந்தவர்களுக்குக் கடுங்காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் அமெரிக்காவுல இருக்கேனாமே. உனக்குத் தெரியுமா?"

அவள் நிமிரவில்லை. அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

"எத்தன வருசமா தெரியும்?"

"கல்யாணம் ஆன புதுசுலயேங்க. மாமா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு." குரலைத் தாழ்த்தினாள். "ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க. மனுசனே போயிட்டாரு."

"போயிட்டாரா? நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்காரு!"

பதினேழு வருஷத்துக் கதை அது. தேயிலை விலை படுத்து, சம்பளம் நின்று, அந்த எஸ்டேட் இழுத்து மூடப்பட்ட வருஷம். பையன்களும் பெண்களும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஜெகதீசனை அவன் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்புவதாகச் சொன்னது. லயமே கூடிவிட்டது. மாரியம்மனுக்கு ஆடு வெட்டினார்கள். ஒரேயடியாக ஊரை விட்டுப் போகிறவன் வீடு வீடாக ஏறிப் பயணம் சொல்லிக்கொள்ள வேண்டும். அது அவர்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்த வழக்கம். நாற்பது வீடு. ஒவ்வொன்றிலும் தேத்தண்ணி, திருநீறு, கண்ணீர். அப்பா அவனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வழியனுப்பப் பெங்களூருக்கு வந்திருந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவன் போகவில்லை. பெங்களூரையும் விட்டுவிட்டு, டீ ஃபாக்டரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில் குன்னூரில் வேலைக்குச் சேர்ந்தான். கட்டபெட்டில் வீடு பார்த்து எல்லோரையும் கூட்டிவந்தான். அம்மா அதற்குப்பின் ஒன்பது வருஷம் இருந்தாள். அவள் சாவுக்கும், அதற்கு முன் அவன் கல்யாணத்துக்கும் லயத்துக்குச் சொல்ல வேண்டாம், வீண் செலவு என்று அப்பா தடுத்துவிட்டார். அவள் போன பிறகும் மூன்று முறை சென்னைக்குக் கூப்பிட்டார்கள், மேனேஜர் வேலைக்கு. மூன்று முறையும் மாட்டேன் என்றான். அவன் வேலை சொல்லிக்கொடுத்த கமலேஷ் இன்று அவனுக்கு மேலதிகாரி. இருக்கட்டுமே! ஐந்தரைக்கு ஆபீசை விட்டுக் கிளம்பினால் ஏழு மணிக்குள் மகள் பிரியாவோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அவனுக்கு இது போதும் என்றிருந்தது. அவன் எதையும் தியாகம் செய்துவிடவில்லை. பிடித்துத்தான் இருந்தான். அப்பாவுக்குப் பொறுக்காமல் போனது அதுதான்.

வருஷா வருஷம் கூடலூர்த் திருவிழாவுக்கு அப்பா தனியாகத்தான் போவார். "நானும் வரேம்ப்பா" என்றால், "உனக்கு எதுக்கு, வேலையப் பாரு" என்பார். கூட்டாளிகளோடு குடித்துப் பேசத் தனிமை வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்த மடையன் அவன்.

வெளியே ஒப்பாரி தொடங்கிவிட்டது. அந்த லயத்திலிருந்து வந்த மரகதத்தின் குரல். எந்தச் சாவுக்கும் அவள்தான் முதல் வரி எடுப்பாள். ஜெகதீசன் வாசலுக்கு வந்தபோது அப்பாவுக்கு வேட்டி கட்டி, பெஞ்சில் கிடத்தி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"ஏழு கடலு தாண்டி ஏரோப்ளேன் ஏறி வந்து
எங்கய்யா பெத்த மகன் எடுத்து வெச்சான் நீர்க்கொடத்த..."

"நிறுத்துங்க!"

அவன் அப்படிக் கத்துவான் என்று அவனுக்கே தெரியாது. மரகதத்தின் கை மார்பிலேயே நின்றது. தப்பு அடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"நான் எந்தக் கடலும் தாண்டல. ஏரோப்ளேனக் கிட்டப் போய்ப் பாத்ததில்ல. பதினேழு வருசமா இந்தா, இந்த ஊட்லதான் இருக்கேன். இந்தாளு வாந்தி எடுத்தா அள்ளுனது நான். ராத்திரி கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போனது நான். இவரு என்னடான்னா என்னய நாடு கடத்திட்டு வந்து நிம்மதியா எங்கூடவே சோறு தின்னுருக்காரு!"

"ஏனுங்க..." என்று சுமலதா கையைப் பிடித்தாள். உதறினான்.

மூக்கன் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நீங்க நாப்பது ஊட்லயும் ஏறிப் பயணம் சொன்னீங்களே தம்பி."

"சொன்னேன்."

"பயணம் சொன்னவன் போகலன்னா, பாவம், பெத்த மனுசன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எங்க வாசல் ஏறுவான்?" பிறகு, தனக்குள் சொல்வதுபோல, "அப்ப அந்த சாக்லேட்டு?"

"எந்த சாக்லேட்டு?"

"மகன் அனுப்புனதுன்னு வருசா வருசம் ஊட்டுக்கு ஒரு பொட்டலம் குடுப்பாரே."

"அது ஊட்டி சாக்லேட்டுங்க! பஸ் ஸ்டாண்டுல விக்கிறது!"

யாரோ பின்னால் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஜெகதீசன் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றான்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எம் மகன் எங்கூட இருக்கான்னு சொல்லிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க? பிரியாகிட்ட சொன்னீங்களா? இந்த ஊர்ல ஒரு நாயிகிட்டயாவது சொன்னீங்களா?"

அப்பாவின் வாயைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

மரகதம்தான் முதலில் அசைந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி பெஞ்சுப் பக்கம் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

"சரி தம்பி. தப்பாப் பாடிட்டேன். அப்பனுக்கு என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க. பாடணும்ல."

"என்னத்தச் சொல்ல?"

"நீங்க செஞ்சதச் சொல்லுங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் வாயைத் திறந்தான். இப்போதுதான் அத்தனையும் கத்தினான், ஆனால் பாட்டில் வைக்கச் சொன்னால் எதைச் சொல்வது? வாந்தியையா? மாத்திரையையா? இருபத்து மூன்று வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சொல் கிடைக்காமல் நின்றான்.

"ஞாயித்துக்கெழம நகம் வெட்டி விடுவேன்" என்றான் கடைசியில். "கையில அவரே வெட்டிக்குவாரு. காலுக்குக் குனிய முடியாது."

மரகதம் ஒருமுறை தலையாட்டினாள். கண்ணை மூடி, மார்பில் அடித்து, எடுத்தாள்.

"ஞாயித்துக் கெழமையில நகம் வெட்ட மகனிருந்தான்
நாலு ஊரும் பாக்காம நீ காலு நீட்டி உக்காந்தியே..."

கூடலூர்ப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த வரியை வாங்கிப் பாடினார்கள். பின்னாலிருந்து கட்டபெட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூக்கன் துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

ஜெகதீசன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. சேர்த்துக் கட்டிய பெருவிரல்களில் நகம் வளர்ந்து விளிம்பில் வளைந்திருந்தது.

"சுமா!" உள்பக்கம் பார்த்துக் கத்தினான். குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. "அந்த நகவெட்டிய எங்க வெச்சுத் தொலைச்சே?"