பத்துக் கேள்வி

கலப்பை, சாவி, வெங்காயம். மூன்று நாளாகப் பாண்டியம்மாள் புருஷன் வேல்சாமிக்குச் சோற்றோடு சேர்த்து இதைத்தான் ஊட்டிக்கொண்டிருந்தாள். மறதிக்குப் பார்க்கும் டாக்டர் மதுரையிலிருந்து கோவில்பட்டிக்கு வியாழக்கிழமை மட்டும் வருவார். முன்பு ஆளுக்கு ஒரு மணி நேரம் சோதித்தவர், கூட்டம் தாங்காமல் இப்போது பத்துக் கேள்வியில் முடித்துவிடுகிறார். எல்லோருக்கும் அதே பத்து; நினைவில் வைக்கச் சொல்லும் மூன்று சாமான்கூட மாறாது. பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் தன் மாமனாரைக் காட்டிவிட்டு வந்த நாளிலிருந்து பசுவந்தனைப் பக்கம் அந்தக் கேள்விகள் எல்லோர் வாயிலும் கிடந்தன.

டாக்டரிடம் காட்டச் சொன்னதே கொழுந்தன் உக்கிரபாண்டிதான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுகிறதா? அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று எழுதி வாங்கி, ஆறு ஏக்கர் கரிசலையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

வியாழக்கிழமை டாக்டர் முன்னால் வேல்சாமி ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"குளிக்கிறது, வேட்டி கட்டுறதெல்லாம் தானாவே செய்றாரா?" என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

"எல்லாம் இவியளே செய்யுதாவ, ஐயா."

காலையில் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட்டதே அவள்தான். பயந்துகொண்டே, கூட வந்திருந்த கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. 'தெளிவாக இருக்கிறார்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் உக்கிரபாண்டி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"ரொம்ப நல்லதாப் போச்சு மதினி. அண்ணன் கையெழுத்து செல்லாதுன்னு பத்திரம் எழுதுதவரு இழுத்துக்கிட்டே இருந்தாரு. இனிமே என்ன சொல்லுவாரு?"

"என்ன பத்திரம்?"

"நெலத்த எம்பேருக்கு மாத்துததுதான். அண்ணனே சரின்னுட்டாவ."

 தன் கையாலேயே தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டாளே.

"அவியளுக்கு ஒண்ணுமே நெனப்பில்ல தம்பி. நாந்தான் எல்லாம் சொல்லிக்குடுத்தேன்."

"இத இப்ப யாரு நம்புவா மதினி? அண்ணே, வாங்க."

வேல்சாமி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் நடந்தார். ரோட்டோரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, யாரு அந்தப் பொம்பள? அழுதுக்கிட்டே நம்ம பின்னால வாரா."

உக்கிரபாண்டி ஒரு லாரி போகும்வரை நின்று, அண்ணனைப் பத்திரமாக அந்தப் பக்கம் கூட்டிப்போனான்.