கொல்லை வழி

மைசூர்க் கொட்டகையில் படத்துக்கு முன்னால் ஒரு செய்திப்படம் ஓடியது. காஷ்மீர்ச் சண்டையிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு மாலை போட ரயிலடியில் கிழவர்களும் கிழவிகளும் காத்திருந்தார்கள். அவர்களில் யாருடைய பிள்ளையும் அந்த ரயிலில் இல்லை. ஒரு கிழவி, முகமெல்லாம் புழுதியாக இறங்கிய சிப்பாயின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கொட்டகையே கைதட்டியது.

திருநாராயண ஐயங்காரும் தட்டினார். பக்கத்தில் மகன் சம்பத்து தட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கை தானாக நின்றது.

போன வருஷம் அவனும் அந்தச் சண்டையிலிருந்துதான் வந்தான். ஆரத்தித் தட்டோடு ஓடிய அவன் தாயைத் தடுத்து, "கண்டதைத் தின்னுட்டு வந்திருக்கான், உள்ளே விடாதே!" என்று கத்தியவர் அவர்தான். கொல்லை வழியாகக் கிணற்றடிக்கு அனுப்பி, தலைமுழுகவைத்து, பூணூல் மாற்றி, பஞ்சகவ்யம் குடிக்கவைத்த பிறகே வீட்டுக்குள் சேர்த்தார். பெரிய ஆசாரம்! எந்த மடையன் கேட்டான் அதை?

படம் முடிந்து வீடு வந்ததும் ஐயங்கார் முந்திக்கொண்டு போய் வாசற்கதவை அகலத் திறந்தார்.

"வாடா சம்பத்து, உள்ளே வா."

திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. கொல்லைக் கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டது.