ஹெடியின் ஷொர்பாவில் உப்பு

1

இது நானாக எழுத நினைத்த கதை அல்ல. எதிர்வீட்டு நஜ்வா கேட்டாள்.

"நீ எழுதுறவன்தானே. நான் சொல்லிட்ட மாதிரி எழுது."

எதைச் சொல்லிவிட்ட மாதிரி என்றேன்.

"உப்பு கூடிப்போச்சுன்னு. ஹெடி அண்ணன்கிட்ட."

ஹெடி நோன்புப் பெருநாளைப் பார்க்காமலே இறந்துபோனார். சந்து முனையில் அவருடைய உணவகம் பூட்டிக் கிடக்கிறது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: துனிஸ் நகரம் அந்த வசந்தத்தில் மூச்சை

அந்த வரியை அடித்துவிட்டேன். நகரத்துக்கு இதில் வேலை இல்லை.

2

நோய் பரவியதால் உணவகத்தில் யாரும் உட்காரக் கூடாது என்றார்கள். ஜன்னல் வழியாகக் கொடுக்கலாம். ஹெடி மேசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அப்போது நோன்பு மாதம் பிறந்தது.

நஜ்வா வீடுவீடாகப் போனாள். நோன்பு திறக்கக் குடிக்கும் ஷொர்பா சூப்பை இந்த ஆண்டு யாரும் வீட்டில் காய்ச்சக் கூடாது, ஹெடியிடம்தான் வாங்க வேண்டும் என்றாள். எங்கள் சந்தில் தன் வீட்டு ஷொர்பாவை விட்டுக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. விட்டுக்கொடுத்தார்கள். குறையும் சொல்லக் கூடாது என்றாள்.

"அவரே நொந்து போயிருக்காரு. நாம வேற நோண்டணுமா?"

[நஜ்வாவை இன்னும் கொஞ்சம் கெட்டவளாக எழுதினால் கதை எளிதாகும். அவள் அப்படி இல்லை.]

3

[குறிப்பு: நோன்பு வைத்துக்கொண்டு சமைக்கும்போது ஹெடி எதையும் நாக்கில் வைக்க மாட்டார். சட்டிமேல் குனிந்து முகர்வார். உப்புக்கு ஏது வாசனை என்று கேட்டால், குனிந்து பார் என்பார்.]

ஒரு நாள் உப்பு தூக்கலாக இருந்தது. மறுநாள் இன்னும்.

"கடல்ல பாதிய வாங்கிட்டு வந்திருக்கே" என்றான் நஜ்வாவின் கணவன் கமால். "அப்படியே ரெண்டு மீனும் கேட்டிருக்கலாம்ல?"

"நோன்புக் கை. கூடத்தான் செய்யும். தண்ணி ஊத்திக் குடி" என்றாள் நஜ்வா.

சந்து முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குடித்தது. ஒரு வீடும் வாங்குவதை நிறுத்தவில்லை. வாசனை தெரியாமல் போவதும் நோயின் அறிகுறி என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டோம். ஆனால் நோன்புக் கை என்ற விளக்கம் அதற்கு முன்பே எங்களிடம் இருந்தது.

பிறகு ஒரு மாலை. அடிபிடித்த நாற்றம் சந்து முனைக்கு வெகு தூரத்திலேயே நஜ்வாவுக்கு வந்துவிட்டது. ஹெடி அந்தச் சட்டிமேலேயே குனிந்து நின்றிருந்தார்.

"ஷொர்பா எப்படிம்மா இருக்கு? நேத்து யாரும் ஒண்ணும் சொல்லலை."

"அருமைண்ணே. உங்க கை நோகாம இருக்கட்டும்."

அவர் முகம் மலர்ந்தது. நஜ்வா என்னிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறாள்.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான். ஹெடிக்கு மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸ் வந்தது. எத்தனை நாளாக வாசனை தெரியவில்லை என்று மருத்துவர் கேட்டபோது அவருக்கே பதில் தெரியவில்லையாம்.

4

முடிவு, ஒரு வகை:

நஜ்வா சொல்கிறாள். ஹெடி முகர்ந்து பார்க்கிறார். ஒன்றும் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போகிறார். பெருநாள் காலையில் அவர்

அதுவரை நஜ்வாவிடம் படித்துக் காட்டினேன்.

"இவ்வளவு சட்டுனு ஒத்துக்கிற ஆளா அவரு?" என்றாள்.

இன்னொரு வகை:

சொல்கிறாள். என் சட்டியைப் பற்றி எனக்கே பாடமா என்று ஜன்னலைச் சாத்திவிடுகிறார். சந்து வாங்குவதை நிறுத்துகிறது. கடை போகிறது.

"அப்பவும் செத்துருவாரா?"

தெரியாது என்றேன்.

"அப்ப அதை எழுதாதே."

மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினேன். நஜ்வா வாய் திறக்கிறாள். அவள் கேட்ட வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். எழுதினால் அது நான் சொன்னதாகும், அவள் சொன்னதாகாது.

5

ஆகவே ஜன்னலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வரிசையில் நஜ்வாவுக்குப் பின்னால் பாத்திரத்தோடு நீங்கள் நிற்கிறீர்கள். சூரியன் இறங்குகிறது. சட்டி கருகுகிறது. உங்களுக்கு அது தெரிகிறது. அவள் அருமைண்ணே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். ஹெடி உங்கள் பாத்திரத்தை வாங்கி நிரப்பி நீட்டுகிறார். கையை எடுக்காமல் உங்களைப் பார்க்கிறார்.

"நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"