கதவைத் திறப்பது யார்?

அப்பா எழுதிய விண்வெளித் தொடரில் ஒன்பது பாகங்கள் வெளிவந்திருந்தன. பத்தாவதைத் தம்பி எழுதிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். பக்கத்தில் பதிப்பகத்தின் ஒப்பந்தம். அவன் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. அக்கா போட வேண்டியதுதான் பாக்கி.

"படிச்சிட்டுப் போடு. படிக்காம போட்டாலும் எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை" என்றான்.

அவள் கணக்கு டீச்சர். அவன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அப்பா இறந்து ஒன்பதாவது நாள்தான் அவனால் கரை இறங்கி வர முடிந்தது. அதன்பின் கடலில் கழிந்த ஓராண்டில் இந்த முந்நூறு பக்கங்களை எழுதியிருக்கிறான்.

மதியம் தொடங்கி ஒரே மூச்சில் படித்தாள். நன்றாகவே இருந்தது. அதுதான் தொல்லை. சில இடங்களில் அப்பாவே பின்னால் நின்று சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

கதையின் கேப்டன் ஒரு பெண். ஐம்பத்தெட்டு வயதுத் தகப்பனைத் தனியே விட்டுவிட்டு விண்கலம் ஏறியவள். அது போகிற வேகத்தில், அவள் போய்த் திரும்பக் கலத்துக்குள் பன்னிரண்டு வருடம் என்றால் தரையில் தொண்ணூறு. 'கலத்தில்', 'தரையில்' என்று இரண்டு பத்தி போட்ட அட்டவணை ஒன்று அப்பாவின் அறைச் சுவரில் இருந்தது. அதில் கேப்டன், தகப்பன் இருவர் வயதையும் கூட்டி எழுதாமல் அவர் ஒரு அத்தியாயமும் தொடங்கியதில்லை.

தம்பியின் பத்தாம் பாகத்தில் கேப்டன் வீடு திரும்புகிறாள். கதவைத் தட்டுகிறாள். தகப்பன் வந்து திறக்கிறார்.

"டேய், அவருக்கு நூத்தி நாப்பத்தெட்டு வயசு ஆகுது. என்ன மாத்திரை சாப்பிட்டாராம்? எனக்கும் ரெண்டு வாங்கிக் குடு."

அவன் சிரிக்கவில்லை. "தெரியும். அட்டவணையைப் பாத்துட்டுத்தான் எழுதினேன்."

"தெரிஞ்சுமா?"

"அவ்வளவு தூரம் வந்து கதவைத் தட்டறா. யாராவது திறக்கணும்ல?"

அவள் பேனாவை எடுக்கவில்லை. "அப்பா பேர்ல இது வரக்கூடாதுடா."

"நீ ஒருத்திதான் அவருக்குப் பிள்ளையா? கூட இருந்தே, சரி. அதுக்காக அவரையே பட்டா போட்டு வெச்சுக்குவியா?"

சுருக்கென்று தைத்தது. இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அப்பாவுக்குக் கை நடுக்கம், அதனாலதான் பத்தாவதை எழுதலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் இல்லையா? பொய். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்னு எத்தனையோ தடவை நோட்டோட உக்காந்தேன். ஒருநாள் சொன்னார். 'அவளை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டேன். உள்ள யாரும் இல்லைன்னு எப்படிம்மா அவகிட்ட சொல்வேன்?' அப்புறம் நோட்டை எடுக்க விடலை."

தம்பி கடைசி அத்தியாயத்தைக் கையில் எடுத்தான்.

"பொய்யா ஒரு ஆளை நிறுத்தியிருக்கலாமே?"

"அவருக்குக் கணக்கு தெரியுமேடா."

போன் அடித்தது. பதிப்பாசிரியர். அவள் கை நீட்டுவதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"இல்ல சார், தொடர் ஒன்பதோட சரி... அக்கா தடுக்கலை. நான்தான் குடுக்கலை... வேற ஆளை வெச்சும் வேண்டாம் சார்." எதிர்முனை கத்தியது அவளுக்கே கேட்டது. கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்தான். தாள்களை அடுக்கிப் பைக்குள் போட்டான். கிளம்பிவிடுவான் என்று நினைத்தாள். நாற்காலியை இழுத்து அவளெதிரே போட்டுக்கொண்டான்.

"அக்கா, கடைசி நாள் அவர் பேசினாரா?"

வந்துபோன சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் அதை நாலே வரியில் சொல்லி முடித்திருக்கிறாள். இவனும் இதுவரை கேட்டதில்லை.

"காலையில ஆறு மணிக்கெல்லாம் முழிச்சுக்கிட்டார்" என்று ஆரம்பித்தாள்.