மேஜைமேல் ஒரு சாக்பீஸ் கோடு

நகரத்து நிறுவனம் ஒன்று தானமாகக் கொடுத்த மடிக்கணினிகள் ஆறு. கற்க வந்தவர்களோ பன்னிரண்டு பேர். முதல் நாளே அண்ணிக்கும் அவள் நாத்தனாருக்கும் மௌஸை யார் பிடிப்பது என்று இழுபறி. வீட்டில் குளியலறைக்கு நடக்கும் அதே சண்டைதான். சொல்லிக்கொடுக்க வந்த செல்போன் கடைக்காரர் பொறுமையிழந்து, மேஜைமேல் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்.

"இந்தப் பக்கம் மௌஸ், அண்ணிக்கு. அந்தப் பக்கம் கீபோர்டு, இந்த வாயாடிக்கு. கோட்டைத் தாண்டினா ரெண்டு பேரும் வெளிய!"

மற்ற ஐந்து மேஜைகளிலும் அதே கோடு விழுந்தது. மூன்று மாதம் ஓடியது. பக்கம் மாற்றி உட்கார வேண்டும் என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

தேர்வு வைக்க வந்த அம்மாள், "ஆறு ஆறு பேரா உட்காருங்க. ஒருத்தருக்கு ஒரு லேப்டாப். பேசக்கூடாது" என்றதும் அண்ணி கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கீபோர்டைப் பார்த்தாள். இருவரும் பால் நிலையத்தில் கேன் கழுவுகிறவர்கள். தேறினால் அங்கேயே கணினி முன்னால் நாற்காலி, காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர். தேறாவிட்டால் மறுபடி கேன்தான்.

கேள்வி இதுதான்: பால் வண்டி தாமதமென்று மேலாளருக்கு நான்கு வரி எழுதி, அச்சிட வேண்டும். அரை மணி நேரம். விசைகளில் இருந்ததோ ஆங்கில எழுத்து. எதைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து விழும் என்பது வாயாடி நாத்தனாரின் விரல்களுக்குத்தான் தெரியும். அவளோ பக்கத்து மேஜையில் படபடவென்று அடித்து முடித்துவிட்டு, மௌஸைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி மௌஸை அங்குமிங்கும் நகர்த்தினாள். அப்போதுதான் வகுப்பில் ஒரு நாள் நடந்தது நினைவுக்கு வந்தது. மௌஸ் பிடித்த கை சும்மா இருக்குமா? கண்டதையும் கிளிக் செய்யப்போய், திரையிலேயே ஒரு கீபோர்டு முளைத்தது. "அண்ணி, கெடுத்துட்டீங்களே!" என்று வாயாடி கத்தினாள். அதில் எழுத்தெல்லாம் தமிழில் இருந்ததே!

தேடிப் பிடித்து அதைத் திறந்தாள். ஒவ்வோர் எழுத்தாகக் கிளிக், கிளிக். அச்சுத் தாள் வெளியே வந்தபோது ஒரு நிமிடம்தான் பாக்கி. வாயாடியும் மௌஸைத் தொடாமலே டேப்பையும் என்டரையும் தட்டித் தட்டி, எப்படியோ அச்சிட்டுவிட்டிருந்தாள்.

பின்னால் நின்று பார்த்த அம்மாள் கேட்டார்: "ஏம்மா, கை கீபோர்டு பக்கமே போகலையே?"

"அது நாத்தனார் பக்கம் மேடம். தாண்டினா வெளிய அனுப்பிடுவாங்க."

அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு தாளிலும் 'தேர்ச்சி' என்று எழுதினார். அண்ணி வாயாடியைக் கட்டிக்கொண்டாள். இனி கேன் இல்லை என்ற சந்தோஷத்தில் இருவருக்கும் பேச்சே வரவில்லை.

வந்தபோது இருவருக்கும் ஒன்றாகவே வந்தது.

"காலை வேலை எனக்கு!"

வாசலில் நின்ற செல்போன் கடைக்காரர் பெருமூச்சு விட்டபடி சட்டைப்பையில் சாக்பீஸைத் தேடினார்.