பூங்காவுக்கு அடைத்த வேலி

கேதீஸ்வரிக்கு ஒரு மாதமாக இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்குள் போவாள், எதற்குப் போனோம் என்று மறந்து முற்றத்துக்கு வருவாள், படலையைத் திறந்து றோட்டைப் பார்ப்பாள். மத்தியான வெயிலில் சரவணை ஊர் றோட்டில் பார்க்க என்ன இருக்கிறது? கட்டாக்காலி மாடுகள்தான். போன மாதம் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தவள், வெயில் சாயும்வரை எழும்ப ஏலாமல் அங்கேயே கிடந்தாள். ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கனடாவில் இருக்கும் மகள் தர்சினியிடம், "எனக்கென்ன, கல்லுமாதிரி இருக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் இனியும் விழுந்தால் யார் வருவார்கள் என்ற பயம் அவளை ஓரிடத்தில் இருக்க விடவில்லை.

பக்கத்து வளவில் நல்லம்மா இருக்கிறாள். இருந்தென்ன? எல்லைவேலி ஒரு முழம் தள்ளிப் போட்டதென்று இரண்டு வீடும் வழக்குப் பேசக் கோட்டுக்குப் போய், பல வருடமாக முகம் பார்ப்பதில்லை. ஒரு முழ மண்! அந்த உவர் நிலத்தில் ஒரு கத்தரிக்கன்றுகூடப் பிடிக்காது.

சனசமூக நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகச் சிறுவர் பூங்கா அமைத்திருந்தார்கள். வைத்த கன்றுகளை மாடுகள் மேய்ந்துவிட்டன. கம்பி வேலி கடற்காற்றுக்குக் கறள் பிடிக்கும், ஓலையால் அடைப்போம், வீட்டுக்கு ஓராள் வாருங்கள் என்று செயலாளர் சுஜிதன் சொல்லியனுப்பினான். கேதீஸ்வரி மரத்துக்காகப் போகவில்லை. நாலு பேருக்குத் தன் முகம் தெரியட்டும் என்றுதான் போனாள்.

போனால் ஊரே நிற்கிறது. புங்குடுதீவிலிருந்து புதிதாகக் கலியாணம் கட்டி வந்த பவதாரணி, தேத்தண்ணி கொடுக்கும் சாட்டில் ஒவ்வொருவரிடமும் பேரும் வீடும் கேட்டுக்கொண்டு திரிந்தாள். கேதீஸ்வரியிடமும் கேட்டாள். கேட்டது நன்றாகத்தான் இருந்தது.

ஓலைவேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே நிற்பவர் நீளமான குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கித் தடியைச் சுற்றித் திருப்பிவிடுவார். சுஜிதன் கேதீஸ்வரியை உள்ளே விட்டான். வெளியே நல்லம்மாவை விட்டான். கோட்டு வழக்குத் தெரியாத பிள்ளையா அவன்? முகத்தை மட்டும் பச்சைக் குழந்தைபோல் வைத்திருந்தான்.

"குத்திறன்" என்று சொல்லித்தான் குத்த வேண்டும். கேதீஸ்வரி வாயைத் திறப்பாளா? பேசாமல் குத்தினாள்.

"ஐயோ! சொல்லிப்போட்டுக் குத்தமாட்டீரோ? கையைத் துளைச்சுப்போட்டீர்!"

அத்தனை வருடத்துக்குப் பிறகு நல்லம்மா அவளிடம் பேசிய முதல் பேச்சு இது.

"ரத்தமோ?" கேதீஸ்வரிக்குக் குரல் பதறியது.

"ஓம். உமக்கென்ன?"

கேதீஸ்வரி குத்தூசியைப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு ஓலைக்கு அங்காலையிருந்து குரல் இறங்கி வந்தது. "அண்டைக்கு நீர் கிணத்தடியில விழுந்ததை நான் கண்டனான்."

"கண்டனீங்களோ?"

"நீர் எழும்பிப் போகுமட்டும் வேலியடியிலதான் நிண்டனான். 'ஆரும் இருக்கிறியளோ' எண்டு கூப்பிட்டீர். என்ர பேரைச் சொல்லேல்லை. கூப்பிடாமல் எப்பிடி வாறது? வழக்கு நடக்குது."

கேதீஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நான் செத்திருந்தால்?"

"அதைத்தான் நானும் ஒரு மாசமாய் நினைக்கிறன். கண் மூட ஏலாமல் கிடக்கு."

கேதீஸ்வரி குத்தூசியை எறிந்துவிட்டுப் பூங்காவைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். இரண்டு அறை கொடுக்கத்தான் போனாள். போனால், சீலைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு மனுசி அழுதுகொண்டு நிற்கிறது. அறைய மனம் வரவில்லை. கையைப் பிடித்துக் காயத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி ஏசினாள். நல்லம்மாவும் விட்டுக்கொடுக்காமல் திருப்பி ஏசினாள். ஊர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

அடுத்தநாள் விடிந்ததும் விடியாததுமாக எல்லைவேலிக்கு அங்காலை சத்தம் கேட்டது.

"கேதீஸ்! எழும்பியாச்சோ?"

"இன்னும் சாகேல்லை!"

"அது தெரியுது. தேத்தண்ணி குடிச்சாச்சோ?"

கேதீஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது, ஒரு 'ஓம்'கூட வரவில்லை.

"கேதீஸ்?"

நல்லம்மா தன் படலையைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடிவருகிற சத்தம் கேட்டது.