வராந்தாவில் ஒரு வரிசை

ஒரு தடவையாவது கடலில் கால் நனைக்க வேண்டும். மூன்று நாள் லீவுக்காக மேட்ரனிடம் பல்லைக் காட்டிக் கெஞ்சிய அந்த நர்ஸுக்கு வேறு ஆசையே இல்லை. நாற்பத்திரண்டு வயதாகிறது, கடலைக் காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி. இந்தக் கடலோரக் கிராமத்துக்கு வந்தபின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

எல்லாம் கட்டிய புருஷன் செய்த வேலை. பஸ் கண்டக்டர் வாய், பஸ்ஸை விட்டு இறங்கினால் மட்டும் ஓயுமா? வந்து இறங்கிய அன்றே டீக்கடையில் நின்று, "என் சம்சாரம் பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ். கை வச்சா வியாதி பறந்துரும்!" என்று முழங்கிவிட்டார். மறுநாள் விடிந்தும் விடியாததுமாக வாடகை வீட்டு வராந்தாவில் பதினோரு பேர்.

மனுஷன் சும்மா இருந்தாரா? எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகும் பழைய டிக்கெட் கட்டை எடுத்து, ஆளுக்கொன்றாய்க் கிழித்துக் கொடுத்து, "உள்ள தள்ளிப் போங்க, வழியை மறைக்காதீங்க" என்று வரிசை போட்டார். மிச்ச டிக்கெட்டுகளை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கடலில் குளிக்கக் கிளம்பிவிட்டார். வயிறு எரியுமா எரியாதா?

வந்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் போக வேண்டும். கால் புண்ணோடு நிற்கும் பெரியவரை எப்படித் திருப்பி அனுப்புவது? கழுவிக் கட்டுப் போட்டாள். ஆனால் ஒருத்தி, ஊரிலேயே இல்லாத நாத்தனாரின் எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்தாளே, அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

"நாளைக்காவது என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் அன்று சாயங்காலம்.

"கடல் எங்க ஓடிப் போகுது? ஊரே உன்னைக் கையெடுத்துக் கும்பிடுது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?"

"பெருமை உங்களுக்கு, முதுகு ஒடியிறது எனக்கா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள். மத்தியானம் ஊருக்குத் திரும்ப பஸ். அன்றைக்குப் பதினாறு பேர். கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு, மருந்துப் பெட்டியை மூடி, வெறுங்காலோடு படி இறங்கப் போனாள். எதிரே கண்டக்டர், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறார்.

"ஐயோ, சிப்பி கிழிச்சிருச்சு! ரத்தம் பாரு! சீக்கிரம் மருந்து போடு!"

குனிந்து பார்த்தாள். மேலாக ஒரு சின்னக் கீறல். ரத்தம்கூட நின்றுவிட்டது. ஜன்னல் திட்டிலிருந்த டிக்கெட் கட்டை எடுத்து, ஒன்றைக் கிழித்து அவர் கையில் வைத்தாள்.

"பதினேழு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள தள்ளி உக்காருங்க. வழியை மறைக்காதீங்க."

"அடியே, நான் உன் புருஷன்டி!"

"இருந்துட்டுப் போங்க. நர்ஸ் வெளிய போயிருக்காங்க."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மணலில் நடந்தாள். முதல் அலை கணுக்காலை நனைத்தபோது, "அம்மாடி!" என்று வாய்விட்டுக் கத்தினாள். வராந்தாவரைக்கும் கேட்டிருக்கும். நன்றாகக் கேட்கட்டும்.